வில்லும் நாணும் அம்பும்

நுழையும்முன்

வட்டப் பரிதியின் ஒரு பகுதியை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் நேர்கோட்டை நாண் என்றும் தமிழில் வழங்குகிறோம். வில்லும் நாணும் உண்டெனில் அம்பு எங்கே? முக்கோணவியல் கோவைகளைச் சுருக்கும் முறையை விளக்கும் இக்கட்டுரை, அந்த அம்பைத் தேடிச் செல்கிறது.

'சுருக்குக' என்னும் ஏவலோடு தொடங்கும் வினாக்கள் கணிதப் பாடநூலில் பல. மாணவர் பலர் அவ்வினாவை ஒரு புதிராகவே கருதுகின்றனர். நூலின் இறுதியில் தரப்பட்டுள்ள விடை கிட்டும்வரை குறியீடுகளை இடம்மாற்றிப் பார்க்கின்றனர். கிட்டினால் மகிழ்ச்சி, கிட்டாவிடில் அடுத்த வினா. எதற்காகச் சுருக்குகிறோம், சுருக்கும்போது எது மாறுகிறது, எது மாறாதிருக்கிறது என்னும் ஐயங்கள் எழுவதில்லை. அவற்றை முதலில் எழுப்பிக்கொள்வோம்.

மாறுவது வடிவம், மாறாதிருப்பது மதிப்பு. 48/64 என்னும் பின்னத்தை 3/4 என எழுதும்போது அதன் அளவு சிறிதும் குறைவதில்லை. கையாள்வதற்கு மட்டுமே எளிதாகிறது. முக்கோணவியலிலும் நிகழ்வது இதுவே. ஆனால் பின்னத்தைச் சுருக்கப் பொதுக்காரணி துணைசெய்வதுபோல, இங்குத் துணைசெய்வன முற்றொருமைகள்.

சமன்பாட்டிற்கும் முற்றொருமைக்கும் உள்ள வேறுபாட்டை இங்கு நினைவில் கொள்ள வேண்டும். சைன் அ = கொசைன் அ என்பது ஒரு சமன்பாடு. கோணம் அ 45 பாகையாயின் அது மெய். 30 பாகையாயின் பொய். ஆனால் சைனின் வர்க்கமும் கொசைனின் வர்க்கமும் சேர்ந்து 1 ஆகும் என்பது எக்கோணத்திற்கும் மெய். முற்று, ஒருமை என்னும் இரு சொற்கள் இணைந்து முற்றொருமை ஆயின. இருபுறமும் முற்றிலும் ஒன்றே என்பது அதன் பொருள். இருபுறமும் ஒன்றே ஆதலால், ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்றைத் தயக்கமின்றி வைக்கலாம். சுருக்குதல் முழுவதும் இந்த ஓர் உரிமையின்மேல் நடைபெறுகிறது. வெறும் சமன்பாட்டிற்கு இவ்வுரிமை இல்லை.

வட்டத்தில் வரைந்து காண்போம்

தாளில் ஒரு வட்டம் வரைக. அதன் மையம் ம. ஆரம் 1 எனக் கொள்க. மையத்திலிருந்து வலப்புறமாகக் கிடையாகச் செல்லும் ஆரம் மக. அதனோடு குறுங்கோணம் அ உண்டாகுமாறு மேலே மற்றோர் ஆரம் மப வரைக. ப என்னும் புள்ளியிலிருந்து மக மீது செங்குத்து இறக்கினால் அது ச என்னும் புள்ளியில் விழும். இப்போது மசப ஒரு செங்கோண முக்கோணம். அதன் கர்ணம் ஆரமே ஆதலால் 1. எதிர்ப்பக்கமாகிய பச-வின் நீளம் சைன் அ. அடுத்துள்ள பக்கமாகிய மச-வின் நீளம் கொசைன் அ.

பச என்னும் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டி வட்டத்தின் மறுபுறத்தைத் தொடச் செய்க. அப்போது ஒரு முழு நாண் கிடைக்கும். அதன் இருமுனைகளுக்கிடையே க வழியாக வளைந்து செல்லும் பரிதியே வில். எனவே சைன் என்பது பாதி நாண். ஆரியபடர் 499ஆம் ஆண்டளவில் இயற்றிய ஆரியபடீயத்தில் இதனை 'அர்த்த ஜ்யா' என்றே குறித்தார். அர்த்தம் என்பது பாதி. ஜ்யா என்னும் வடசொல்லின் பொருள் நாண். நாளடைவில் 'ஜ்யா' என்றும் 'ஜீவா' என்றும் அது சுருங்கிற்று.

அச்சொல் பின்னர்ச் சென்ற வழி விந்தையானது. அரபு அறிஞர் அதனை 'ஜீபா' என ஒலிபெயர்த்துக்கொண்டனர். அரபு எழுத்தில் குறில் உயிர்கள் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ஆகவே பின்னாளில் படித்தோர் அவ்வெழுத்துகளை 'ஜைப்' எனப் படித்தனர். அதற்கு ஆடையின் மடிப்பு, மார்பு என்பன பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர் அப்பொருள் தரும் 'சைனஸ்' என்னும் சொல்லை இட்டனர். வில்லின் நாணாகப் புறப்பட்டது ஆடை மடிப்பாகி, சைனாக நம் வகுப்பறைக்குத் திரும்பி வந்திருக்கிறது. தமிழில் நாண் என்னும் சொல் இன்றும் வட்டத்திலேயே நிற்பதால், இழந்த பொருளை நாம் எளிதில் மீட்டுக்கொள்ளலாம்.

கொசைன் என்பது நிரப்புக் கோணத்தின் சைன் என்பதன் சுருக்கம். 1620இல் எட்மண்ட் கண்டர் அப்பெயரைக் கையாண்டார். டேன்ஜெண்ட், சீகண்ட் என்னும் பெயர்களை 1583இல் தாமஸ் ஃபிங்கே வழங்கினார். அவற்றின் பொருளையும் நம் படத்திலேயே காணலாம். க என்னும் புள்ளியில் வட்டத்திற்குத் தொடுகோடு வரைக. மப-வை நீட்டினால் அது தொடுகோட்டை ட என்னும் புள்ளியில் சந்திக்கும். தொடுகோட்டில் கட என்னும் நீளமே டேன்ஜெண்ட். வட்டத்தை வெட்டிச் செல்லும் மட என்னும் நீளமே சீகண்ட். தொடுகோடு, வெட்டுக்கோடு என்னும் தமிழ்ப் பெயர்களே அவ்விலத்தீன் சொற்களின் பொருளும் ஆகும்.

இனிக் கொசைனைக் காஸ் எனவும், டேன்ஜெண்ட்டை டேன் எனவும், சீகண்ட்டைச் செக் எனவும், அவ்வாறே மற்ற இரண்டைக் காட், கொசெக் எனவும் வகுப்பறை வழக்கப்படி சுருக்கி எழுதுவோம். படத்தில் இரு செங்கோண முக்கோணங்கள் உள்ளன. பித்தகோரஸ் தேற்றத்தை முதல் முக்கோணம் மசப-விற்கு இட்டால்,

சைன்² அ + காஸ்² அ = 1

எனவும், இரண்டாம் முக்கோணம் மகட-விற்கு இட்டால்,

1 + டேன்² அ = செக்² அ

எனவும் பெறுகிறோம். முதல் முற்றொருமையைச் சைன்² அ-வால் வகுத்தால் 1 + காட்² அ = கொசெக்² அ என்னும் மூன்றாவதும் கிட்டும். இரண்டாவதையும் இவ்வாறே காஸ்² அ-வால் வகுத்துப் பெறலாம். எனவே மனப்பாடம் செய்யத்தக்கது உண்மையில் ஒன்றே.

சுருக்கும் வழி

கோவையில் பல விகிதங்கள் கலந்திருப்பின் அனைத்தையும் சைன், காஸ் ஆகிய இரண்டிற்குக் கொணர்வது பெரும்பாலும் பயன்தரும். டேன் அ + காட் அ என்பதைக் கொள்வோம்.

டேன் அ + காட் அ = (சைன் அ / காஸ் அ) + (காஸ் அ / சைன் அ)
= (சைன்² அ + காஸ்² அ) / (சைன் அ × காஸ் அ)
= 1 / (சைன் அ × காஸ் அ)
= செக் அ × கொசெக் அ

ஒரு கூட்டல் பெருக்கலாக மாறிவிட்டது. 30 பாகையை இட்டுச் சரிபார்க்கலாம். இடப்புறம் 1/√3 + √3, அதாவது 4/√3. வலப்புறம் (2/√3) × 2, அதுவும் 4/√3. ஒரு கோணத்தில் சரியாக வருவது முற்றொருமைக்கு நிறுவல் ஆகாது. ஆனால் ஒரு கோணத்தில் பொய்த்தால் பிழை உறுதி. ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் ஒரு கோணத்தை இட்டுப் பார்க்கும் பழக்கம் அரை நிமிடத்தில் பல மதிப்பெண்களைக் காக்கும்.

அடுக்குகள் மிகுந்த கோவைகளைக் கண்டு மலைக்க வேண்டா. 2(சைன்⁶ அ + காஸ்⁶ அ) − 3(சைன்⁴ அ + காஸ்⁴ அ) + 1 என்பது தேர்வுகளில் நெடுங்காலமாக வலம்வரும் கோவை. இதில் சைன்² அ-வைத் த எனவும், காஸ்² அ-வை ந எனவும் எழுதுக. நாம் அறிந்தது த + ந = 1 என்பது மட்டுமே. இயற்கணிதம் எஞ்சியதைச் செய்துவிடும்.

த³ + ந³ = (த + ந)³ − 3தந(த + ந) = 1 − 3தந
த² + ந² = (த + ந)² − 2தந = 1 − 2தந

எனவே கோவை 2 − 6தந − 3 + 6தந + 1 என்றாகி 0 ஆகிறது. கோணம் எதுவாயினும் அதன் மதிப்பு சுழியமே. கோணம் மாறமாற ஏறியிறங்கும் எனத் தோன்றிய நீண்ட கோவை, உண்மையில் அசைவதே இல்லை. அதன் நீண்ட வடிவத்தில் இவ்வுண்மை மறைந்திருந்தது.

விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியர் ஆண்டுதோறும் காணும் பிழை ஒன்றை இங்குச் சொல்லிவிட வேண்டும். சைன் என்பது கோணத்தைப் பெருக்கி நிற்கும் எண் அன்று. கோணத்திலிருந்து ஒரு நீளத்தைப் பெறும் வினை. ஆதலால் சைன் 60° / சைன் 30° என்பதில் மேலும் கீழும் உள்ள 'சைனை' அடித்துவிட்டு 2 என எழுதுவது தவறு. உண்மை மதிப்பு √3. இரு கோணங்களின் கூடுதலுக்குரிய சைனை, தனித்தனிச் சைன்களின் கூடுதலாகப் பிரிப்பதும் இப்பிழையின் மறுவடிவமே. 30 பாகையோடு 60 பாகையைக் கூட்டிச் சோதித்தால் சைன் 90 பாகையின் மதிப்பு 1. தனித்தனியே கூட்டினாலோ ஒன்றைத் தாண்டிவிடும். நாணின் பாதி ஆரத்தை விஞ்ச முடியாது என்பது படத்தைப் பார்த்தாலே விளங்கும்.

அம்பு

படத்தில் இன்னும் பெயரிடப்படாத சிறு கோடு ஒன்று உள்ளது. நாணின் நடுப்புள்ளி ச. வில்லின் நடுப்புள்ளி க. இவ்விரண்டிற்கும் இடையே, நாணில் தொடுத்த அம்புபோல நிற்கும் சக என்னும் கோடே நாம் தேடிய அம்பு. வடமொழிக் கணித நூல்கள் இதனைச் 'சரம்' என்றன. இலத்தீனிலும் அம்பு என்னும் பொருளுடைய 'சகிட்டா' என்னும் பெயர் இதற்கு உண்டு. மக-வின் நீளம் 1, மச-வின் நீளம் காஸ் அ ஆதலால்,

அம்பு = 1 − காஸ் அ

வட்டத்தின் எதிர்முனையிலிருந்து பார்த்தால், அதே நாணுக்கு மறுபுறத்தில் பேரம்பு ஒன்று உண்டு. அதன் நீளம் 1 + காஸ் அ. வட்டத்தில் இவ்விரு அம்புகளின் பெருக்கற்பலன் பாதி நாணின் வர்க்கத்திற்குச் சமம் என்று ஆரியபடீயத்தின் கணிதப் பகுதி கூறுகிறது. இன்றைய குறியீட்டில் அது,

(1 − காஸ் அ)(1 + காஸ் அ) = சைன்² அ

என்பதாகும். இடப்புறத்தைப் பெருக்கினால் 1 − காஸ்² அ. ஆகவே இது நம் முதல் முற்றொருமையின் மற்றொரு முகமே. ஆயினும் சுருக்கும் தொழிலில் இம்முகமே மிகுதியும் உதவுகிறது. பகுதியில் 1 + காஸ் அ நிற்கும் கோவைகளைத் தொகுதியிலும் பகுதியிலும் 1 − காஸ் அ-வால் பெருக்குமாறு ஆசிரியர் கூறுவதன் காரணம் இதுதான்.

சைன் அ / (1 + காஸ் அ) + (1 + காஸ் அ) / சைன் அ என்பதைச் சுருக்குவோம். மீப்பொது மடங்கு கண்டு, வர்க்கத்தை விரித்து, நான்கு வரிகளில் விடை காணலாம். அம்புகளை அறிந்தவர்க்கு அது வேண்டா. முதல் உறுப்பு (1 − காஸ் அ) / சைன் அ-விற்குச் சமம். அதனோடு இரண்டாம் உறுப்பைக் கூட்டினால் காஸ் நீங்கி 2 / சைன் அ, அதாவது 2 கொசெக் அ எஞ்சுகிறது.

இருபத்தேழு சென்டிமீட்டர்

வடிவ மாற்றம் தேர்வுத்தாளில் மட்டுமே பயன்படுவதா? அம்பையே சான்றாகக் கொண்டு பார்ப்போம்.

நாம் வரைந்த வட்டம் புவி எனக் கொள்க. க என்னும் இடத்தில் நாம் நிற்கிறோம். அங்கு வரைந்த தொடுகோடே நம் கிடைமட்டக் கோடு. ப என்னும் இடம் நம்மிடமிருந்து விலகியிருப்பதால், புவியின் வளைவு காரணமாக அக்கோட்டிற்குக் கீழே தாழ்ந்திருக்கிறது. எவ்வளவு தாழ்ந்திருக்கிறது? படத்தை நோக்கினால் அது அம்பின் நீளமே என்பது புலப்படும். புவியின் சராசரி ஆரம் 6371 கிலோமீட்டர்; எனவே தாழ்வு 6371 × (1 − காஸ் அ) கிலோமீட்டர்.

மையத்தில் தாங்கும் கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு எனக் கொள்வோம். அப்போது இரு இடங்களுக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். ஏழு தசம இடங்கள் வரை மதிப்புத் தரும் அட்டவணை நம் கையில் உள்ளது. கணிப்பான் வருமுன் இத்தகைய அட்டவணைகளே வழக்கில் இருந்தன. அதில் இக்கோணத்தின் காஸ் மதிப்பு 1.0000000 என்றிருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சுழியம். அதாவது, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தொலைவிற்குப் புவி சற்றும் வளையவில்லை என்பது விடை. இவ்விடை தவறானது. அட்டவணையில் அச்சுப்பிழை இல்லை. கழித்தலிலும் பிழை இல்லை. காஸின் மதிப்பு ஒன்றுக்கு மிக நெருங்கி நிற்பதால், நமக்கு வேண்டிய நுண்ணளவு ஏழாம் இடத்திற்கு அப்பால் சென்று மறைந்துவிட்டது.

இப்போது அதே அம்பை முற்றொருமையின் துணையால் வேறு வடிவில் எழுதுக.

1 − காஸ் அ = சைன்² அ / (1 + காஸ் அ)

அதே அட்டவணையில் சைன் மதிப்பு 0.0002909. அதன் வர்க்கத்தை 2-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.0000000423. புவியின் ஆரத்தை மீட்டரில் 63,71,000 எனக் கொண்டு பெருக்கினால் 0.27 மீட்டர், அதாவது 27 சென்டிமீட்டர் கிடைக்கிறது. இதுவே சரியான விடை. கால்வாய் வெட்டுவோர்க்கு 27 சென்டிமீட்டர் புறக்கணிக்கத்தக்க அளவன்று. அத்தொலைவில் கால்வாய்க்குக் கொடுக்கும் சரிவே சில வேளைகளில் அவ்வளவுதான் இருக்கும்.

ஒரே அட்டவணை, ஒரே கோணம், மதிப்பில் வேறுபாடற்ற இரு வடிவங்கள். ஒன்று சுழியம் தந்தது. மற்றொன்று உண்மையைத் தந்தது. இவற்றுள் நீளமானது இரண்டாம் வடிவம் என்பதைக் கருதுக. 'சுருக்குக' என்னும் சொல்லை அதன் நேர்ப்பொருளில் மட்டும் கொண்டால் 1 − காஸ் அ என்பதே சுருங்கியது. கணக்கிடுவோர்க்கு எளியது மற்றதே. சுருக்கிய வடிவம் என்று தனியே ஒன்று எப்போதும் நிற்பதில்லை. மதிப்பெண்ணுக்காகக் கேட்கும் வினாவில் உறுப்புகள் குறைந்த வடிவம் வேண்டும். அளந்து காணும் பணியில் பிழை பெருகாத வடிவம் வேண்டும்.

தொலைவு மிகமிக அம்பு விரைந்து வளரும். வில்லியம் லாம்டன் 1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அளந்த அடிக்கோடு ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர் நீளமுடையது. இந்திய நிலப்பரப்பை முக்கோணங்களால் அளந்த பெரும்பணிக்கு அங்கு அடித்தளம் இடப்பட்டது. அவ்வளவு தொலைவிற்குரிய அம்பு 11 மீட்டருக்கும் மேற்பட்டது. ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். (காற்றில் ஒளி சற்றே வளைவதால் தொலைநோக்கியில் காணும் தாழ்வு இதனினும் சிறிது குறையும்.) கடலோடிகளும் இவ்விடரை அறிந்திருந்தனர். அண்மையிலுள்ள இரு இடங்களின் தொலைவைக் காஸ் கொண்டு கணித்தால் பிழை மிகும் என்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்பின் பாதியளவைத் தனி அட்டவணையாகவே அச்சிட்டுக்கொண்டனர்.

இன்று கணினி இருக்கிறதே எனலாம். கணினியின் வழக்கமான எண்முறை ஏறத்தாழப் பதினாறு இலக்கங்களைக் காக்கும். கோணம் ரேடியன் அளவில் பத்துக்கோடியில் ஒரு பங்காயின், அதற்கும் காஸ் ஒன்றே. அதுவும் அம்பைச் சுழியம் என்றே காட்டும். இலக்கங்கள் கூடியிருக்கின்றன, இடர் சற்றுத் தள்ளிச் சென்றிருக்கிறது, அவ்வளவே. ஆகவே நிரல் எழுதுவோரும் அதே பழைய முற்றொருமையை நாடுகின்றனர்.

இரு எச்சரிக்கைகள்

வடிவத்தை மாற்றும்போது மதிப்பு மாறாது என்றோம். அதற்கு இரு வரம்புகள் உண்டு. சைன்² அ / (1 − காஸ் அ) என்பதை 1 + காஸ் அ எனச் சுருக்கலாம். ஆனால் அ சுழியமாயின் முதல் கோவை சுழியத்தால் வகுபடுகிறது. அதற்குப் பொருளே இல்லை. சுருங்கிய வடிவமோ 2 என்னும் மதிப்பைத் தருகிறது. எனவே வகுத்தல் நீங்கும்போது, எக்கோணங்கள் முன்பு விலக்கப்பட்டிருந்தன என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

மற்றொன்று வர்க்கமூலம். √(1 − சைன்² அ) என்பதைக் கண்டவுடன் காஸ் அ என எழுதுவோர் பலர். குறுங்கோணத்திற்கு அது பொருந்தும். கோணம் 120 பாகையாயின் காஸ் −1/2. வர்க்கமூலக் குறியோ குறை எண்ணைத் தராது, 1/2 என்றே தரும். ஆகவே எழுதவேண்டியது காஸ் அ-வின் மட்டு மதிப்பு. பதினோராம் வகுப்பில் கோணங்கள் செங்கோணத்தைக் கடந்து செல்வதால், சென்ற ஆண்டுவரை தொல்லை தராத இப்பிழை இவ்வாண்டு தொல்லை தரும்.

கற்பவை கற்றபின்

வட்டப் படத்தைப் பெரிதாக வரைந்து, சைன், காஸ், டேன், செக், அம்பு ஆகிய ஐந்து நீளங்களையும் 30, 45, 60 பாகைகளுக்கு அளவுகோலால் அளந்து, அட்டவணை மதிப்புகளோடு ஒப்பிடுக. (1 + டேன்² அ)(1 − சைன் அ)(1 + சைன் அ) என்பதைச் சுருக்கி, எக்கோணங்களில் அக்கோவைக்குப் பொருளில்லை எனக் கூறுக. புவிமையத்தில் தாங்கும் கோணம் மேற்கண்டதைப் போல இருமடங்காயின், தாழ்வு 27 சென்டிமீட்டரின் இருமடங்காகுமா, நான்கு மடங்காகுமா? முதலில் ஊகித்து எழுதியபின், இரு வடிவங்களிலும் கணக்கிட்டுப் பார்க்க.